துண்டுக்குள் ஒரு வயது

பூரணி டீச்சருக்கு ஒரு பிள்ளையைப் பார்த்தால் முதலில் தோன்றுவது, இவனுக்கு இன்னின்னது தெரியும், இன்னின்னது தெரியாது என்று எழுதிவிட வேண்டும் என்பதுதான். எழுதிய பிறகுதான் "சாப்பிட்டியாடா?" என்று கேட்பார். சாப்பிட்டானா இல்லையா என்பதையும் எழுதிக்கொள்வார்.

குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பம். அண்ணன் பவர்லூம் போட்டுக் கையில் காசு புழங்கிய வருஷத்தில், தங்கைக்குக் கல்யாணம் செய்வதா, மேலே படிக்க வைப்பதா என்ற கேள்வி எழுந்தது. மாப்பிள்ளை எதுவும் உடனே அமையாததால் படிப்பு ஜெயித்தது. மெட்ராஸில் ஒரு வருஷம் தங்கி, மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் டிப்ளமா வாங்கிவந்தார். அந்த ஒரு வருஷத்தில் அவர் மனதில் ஆணி அடித்தாற்போல் இறங்கிய பாடம் ஒன்றே ஒன்று. கற்றுக்கொடுப்பதற்கு முன் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று அளந்து பார். கற்றுக்கொடுத்த பின் மறுபடி அளந்து பார். இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் இல்லையென்றால் குறை பிள்ளையிடம் இல்லை, உன்னிடம்.

இதில் கடைசி வாக்கியத்தை அவரோடு படித்தவர்கள் எல்லாம் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிட்டார்கள். பூரணிக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

1977ஆம் வருஷம் ஆம்பூரில் தோல் வியாபாரிகள் சிலர் சேர்ந்து இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். பெயர் அரவணைப்பு இல்லம். இடம், பச்சைத் தோல் மண்டித் தெருவில் காலியாகக் கிடந்த ஒரு கிடங்கு. முன்பு அங்கே உப்புப் போட்ட ஆட்டுத்தோலைக் கூரை வரை அடுக்கி வைத்திருந்தார்கள். தோல் போன பிறகும் உப்பு போகவில்லை. மழை வந்தால் சுவரில் வெள்ளையாகப் பூத்துக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் போய் நக்குவார்கள். பூரணி அவர்களை இழுத்து வந்து உட்காரவைத்துவிட்டு, ஒவ்வொருவர் தாளிலும் 'உப்புச் சுவை அறிவான்' என்று குறித்துக்கொண்டார்.

பள்ளியின் செக்ரட்டரி லோகநாதன். மண்டித் தெருவில் பெரிய தரகர். தோலைத் தொட்டுப் பார்த்தே ஆடு எந்தச் சீமையில் மேய்ந்தது என்று சொல்லிவிடுவார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பரப்பியவரும் அவரே. நல்ல மனிதர். ஆனால் உலகத்தில் உள்ள எதையும் அரை நாளில் தரம் பிரித்துவிடலாம் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. பள்ளி திறந்து மூன்று மாதம் ஆனபோது ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார். பூரணி ஒரு பையன் எதிரே மூன்று மரக்கட்டைகளை வைத்து, அவன் எதை எடுப்பான் என்று காத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, வந்த நாளா கேள்வியே கேட்டுக்கினு இருக்கீங்க. பாடம் எப்ப?"

"இன்னும் ஏழு பேரை அளக்கணும் சார்."

"அளந்துக்கினே இருந்தா எப்பிடி? எங்க மண்டியில ஒரு லாரி தோலு வந்து இறங்கினா பொழுது சாயறதுக்குள்ள ஃபர்ஸ்ட்டு, செகண்டு, தேர்டு, கழிவுன்னு பிரிச்சுப் போட்டுடுவோம்."

"தோலு சும்மா படுத்திருக்கும் சார். இவன் எழுந்து போயிடறான்."

லோகநாதன் பார்த்தார். பையன் எழுந்து போய்விட்டிருந்தான். போகும்போது ஒரு கட்டையையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான். பூரணி அதையும் எழுதிக்கொண்டார்.

மெட்ராஸிலிருந்து வந்த சோதனைப் பெட்டியில் படங்கள் இருந்தன. புகைபோக்கி வைத்த வீடு, பனியால் செய்த பொம்மை, முள்கரண்டி. பனிப் பொம்மையைக் காட்டியபோது பன்னிரண்டு பிள்ளைகள் 'இட்லி' என்றார்கள். சரியான பதில் இதுவல்ல என்றுதான் பெட்டியோடு வந்த புத்தகம் சொன்னது. பூரணிக்கு மனசு கேட்கவில்லை. ஊருக்குப் போய், லுங்கிக்கு லேபிள் வரையும் பரந்தாமனிடம் ஆம்பூருக்குத் தக்க படங்கள் வரைந்து தரச் சொன்னார். பரந்தாமன் பிரியத்தோடு வரைந்து கொடுத்தார். ஆனால் இருபது வருஷமாக லேபிள் வரைந்த கை. போலீஸ்காரன், தபால்காரன், டாக்டர், தாத்தா எல்லோருக்கும் ஒரே முறுக்கு மீசை, ஒரே கட்டம் போட்ட லுங்கி. "இது யாரு?" என்று எந்தப் படத்தைக் காட்டினாலும் பிள்ளைகள் "மாமா" என்றார்கள். அதிலும் பூரணிக்கு ஒரு நிம்மதி இருந்தது. இந்தத் தவறு பிள்ளைகளுடையது இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

1979இல் வஜீதா வந்தாள். அப்போது அவளுக்கு வயது ஏழு. அம்மா நசீமுன்னிசா ஷூ கம்பெனியில், அப்பர் என்னும் மேல்பாகத்துக்குப் பசை தடவும் வேலை பார்த்தார். புருஷன் இல்லை. வேலைக்குப் போகும்போது பெண்ணை வீட்டில் விட ஆளில்லாததால், பழைய துப்பட்டா ஒன்றால் அவள் காலைக் கட்டிலோடு கட்டிவிட்டுப் போவார். முதல் நாள் பூரணி அந்தக் கணுக்காலில் இருந்த தழும்பைப் பார்த்தார். நசீமுன்னிசா தலைகுனிந்து நின்றார்.

"நம்ப பொண்ணு அடிக்கடி ரோட்டுக்கு ஓடிடுதும்மா. லாரி ஜாஸ்தி. வேற இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க."

"இனிமே இங்க வரட்டும்" என்றார் பூரணி.

வஜீதாவுக்கு வீட்டில் உருதுதான். தமிழ் காதில் விழுந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். பூரணி, நசீமுன்னிசாவிடம் கேட்டுக் கேட்டு தண்ணீருக்கு 'பானி', வா என்பதற்கு 'ஆவ்', உட்கார் என்பதற்கு 'பைட்டோ' என்று கொஞ்சம் உருது பழகினார். அவர் உருதைக் கேட்டுத் தெருவே சிரித்தது. வஜீதா மட்டும் சிரிக்காமல் வந்து உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் தாள் நிரம்பியது. தண்ணீர் கேட்பாள். கிளாஸை இரண்டு கையால் பிடிப்பாள், மூன்று தடவைக்கு ஒரு தடவை சிந்துவாள். வாசல் வரை போவாள், ரோட்டைப் பார்த்தால் நிற்பாள். கடைசியாகச் சொன்னதுதான் பூரணியின் பெரிய வெற்றி. அதற்கு மட்டும் பதினோரு மாதம் பிடித்தது.

1981இல் வெளிநாட்டு தர்ம ஸ்தாபனம் ஒன்று பள்ளிக்குப் பணம் தர முன்வந்தது. பணத்தோடு விதியும் வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் மனவயது அளக்க வேண்டும். மூன்றரைக்குக் கீழே இருந்தால் 'பராமரிக்க வேண்டியவர்'. அவர்களுக்கு இடமில்லை, வீட்டில் வைத்துப் பராமரிக்கட்டும். எட்டைத் தொட்டால் சாதாரணப் பள்ளிக்கு அனுப்பிவிட வேண்டும். நடுவில் இருப்பவர்கள் வருஷா வருஷம் வளர வேண்டும். ஒரு வருஷம் வளராவிட்டாலும் இடம் போய்விடும். மொத்தத்தில் இந்தப் பள்ளியில் இருக்கத் தகுதி, இந்தப் பள்ளியை விட்டுப் போய்க்கொண்டே இருப்பதுதான்.

அளப்பதற்கு வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து அருணகிரி என்ற மனோதத்துவம் படித்தவர் வந்தார். அவருடைய அப்பா வாலாஜாபேட்டையில் தோல் தரகு பார்த்தவர். அந்த வாடையிலிருந்து தப்பிக்கத்தான் அருணகிரி எம்.ஏ. வரை ஓடினார். ஓடிய ஓட்டத்தில் ஆம்பூருக்கு வந்து சேர்ந்திருந்தார். காலையில் வந்தவர் சாப்பாட்டு வேளைக்குள் இருபத்திரண்டு பிள்ளைகளையும் அளந்து முடித்தார். வஜீதாவிடம் தமிழில் மூன்று கேள்வி கேட்டார். அவள் சுவரைப் பார்த்தாள். இரண்டு வயது ஆறு மாதம் என்று எழுதினார்.

பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் லோகநாதன் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் அவருடைய அக்கா மகன் சம்பத்தும் இருந்தான்.

"நம்ம சம்பத்து நாலுதானா? ஏழு போடக்கூடாதா சார்?"

"வர்றதைத்தானே போடணும்."

"வீட்ல அவனுக்கு மேல ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. பையனுக்கு நாலு வயசுன்னு வெளியில தெரிஞ்சா எவன் வருவான்?"

"அதுக்கு நான் இன்னா சார் பண்றது?"

லோகநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலது கைமேல் போட்டு, கையை நீட்டினார்.

மண்டியில் விலையை வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. சுற்றி நிற்பவன் கேட்டுவிடுவான். விற்பவரும் வாங்குபவரும் ஒரே துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பேசிக்கொள்வார்கள். முகம் இரண்டும் வேறு வேறு பக்கம் பார்க்கும். அருணகிரிக்கு அது அப்பா காலத்திலிருந்தே தெரியும். எம்.ஏ. படித்த மூளை வேண்டாம் என்றது, கை போய்விட்டது.

"விரலுக்கு ஒரு வருஷம். கணுவுக்கு நாலு மாசம்" என்றார் லோகநாதன், வாசலைப் பார்த்துக்கொண்டு. ஒரு விரலுக்கு மூன்று கணு. மூன்று நான்கு பன்னிரண்டு. மனோதத்துவத்தில் அதுவரை யாரும் கண்டுபிடிக்காத பொருத்தம் அது.

கொஞ்ச நேரத்தில் சம்பத்துக்கு ஆறு வயது ஆனது.

இதையெல்லாம் பூரணி பார்த்துக்கொண்டிருந்தார். கொதித்தது. சொல்ல வாயெடுத்தபோது பட்டியலில் வஜீதாவின் பெயர் கண்ணில் பட்டது.

"சார், இந்தப் பொண்ணுக்குத் தமிழ் வராது. உருதுல கேட்கணும்."

"எனக்கு உருது வராதேம்மா."

"நான் கேக்கறேன். நாளைக்கு ஒருநாள் இருங்க."

"நாளைக்கு ரிப்போர்ட்டு தபால்ல போவணும். சரி, உங்க கணக்குல அவளுக்கு இன்னா வயசு வருது?"

"வயசு தெரியாது சார். கிளாஸை ரெண்டு கையாலப் பிடிப்பா. மூணு தடவைக்கு ஒரு தடவை சிந்துவா. ரோடு வந்தா நிப்பா."

அருணகிரி உண்மையாகவே வருத்தப்பட்டார். "அது நல்ல விஷயந்தான். ஆனா ஃபார்ம்ல அதுக்கு இடம் இல்லம்மா. நம்பர்தான் கேக்கறாங்க. நான் போட்ட நம்பரும் ஒரு உத்தேசந்தான், மறைக்கறதுக்கு இல்ல."

பூரணி லோகநாதனைப் பார்த்தார். அவர் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். "நான் என் சரக்கைப் பேசி முடிச்சிட்டேம்மா. ஒரு கைக்கு ஒரு சரக்கு. அதான் மண்டி வழக்கம். உங்க சரக்கை நீங்கதான் பேசணும்."

ரோட்டுக்கு ஓடாத கால் மறுபடி கட்டிலுக்குப் போகும். அந்த நினைப்பில்தான் பூரணி கையை நீட்டினார். "துண்டைப் போடுங்க" என்றார்.

அருணகிரிக்குக் காது சிவந்தது. மண்டி வரலாற்றில் ஒரு பெண்பிள்ளை துண்டுக்குள் கை விட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. லோகநாதன் துண்டைப் போட்டுவிட்டு மரியாதைக்காகச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். பூரணி அருணகிரியின் மூன்று விரலை முழுதாகவும், நான்காவதில் இரண்டு கணுவையும் பிடித்தார். மூன்று வயது எட்டு மாதம். அருணகிரி விரலை உருவப் பார்த்தார். பூரணி விடவில்லை. பேரத்தில் விட்டுப் பிடிப்பது என்று ஒன்று உண்டு என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவருக்குத் தெரிந்தது பிடிப்பது மட்டும்தான்.

"கை வலிக்குதும்மா."

"எழுதுங்க சார்."

அருணகிரி இடது கையால் எழுதினார். 'மூன்று வயது எட்டு மாதம்' என்ற அந்த அளவுக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆதாரம் பூரணியின் பிடிதான்.

அன்று இரவு வீட்டில் பூரணிக்குச் சோறு இறங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அளக்காத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். மறு வருஷம் அந்த வருத்தம் கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்த வருஷம், வருத்தம் இருந்த இடத்தில் ஒரு சாமர்த்தியம் முளைத்திருந்தது. வருஷத்துக்கு இரண்டு கணு என்று வஜீதாவை ஏற்றினார். ஒரேயடியாக ஏற்றினால் ஸ்தாபனத்துக்குச் சந்தேகம் வரும், ஒரு கணு என்றால் வளர்ச்சி போதாது என்பார்கள். இரண்டு கணுதான் பார்வைக்கு லட்சணம். மற்ற பிள்ளைகளின் தாய்மார்களும் தெரிந்துகொண்டார்கள். "பூரணி டீச்சர் கைராசிக்காரங்க. என் பையனுக்கும் ஒரு பிடி பிடிங்கம்மா" என்று பரீட்சைக் காலத்தில் வாழைப்பழத்தோடு வந்து நின்றார்கள்.

இப்படி இரண்டு வஜீதா உண்டானார்கள். 1984இல் காகிதத்து வஜீதா ஐந்து வயது எட்டு மாதத்தை அடைந்து, அந்த வயதுக்குரிய திறமையாக இருபது வரை எண்ணத் தொடங்கினாள். வகுப்பறையில் இருந்த வஜீதா அந்த வருஷம் கிளாஸைச் சிந்தாமல் பிடிக்கத் தொடங்கினாள். பூரணி இரண்டாவதற்குத்தான் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். தன் சொந்தத் தாளில் உள்ளதை உள்ளபடிதான் எழுதிவந்தார். ஊருக்கு ஒரு அளவு, தனக்கு ஒரு அளவு என்று வைத்துக்கொண்டவர்கள் வியாபாரிகளில் உண்டு என்று கேலி செய்துவந்தவர் அவர்.

அதே 1984இல் சம்பத் எட்டைத் தொட்டான். லோகநாதன் மாலை போட்டுப் போட்டோ எடுத்து அனுப்பிவைத்தார். பையன் சாதாரணப் பள்ளியில் நான்காம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டான். அவனைவிட நான்கு வயது சின்னப் பிள்ளைகள் அவன் காதைத் திருகுவதைப் பாடம் போலத் தினமும் செய்தார்கள். காலாண்டுப் பரீட்சைக்கு முன்பே நின்றுவிட்டான். அரவணைப்பு இல்லத்தில் அவன் இடத்துக்கு வேறு பிள்ளை வந்துவிட்டது. அதன் பிறகு மாமாவின் மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. லோகநாதனும் அதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பேசுவதில்லை.

1988 மார்ச் மாதம் வழக்கம்போல் அருணகிரி வந்தார். தலை நரைத்திருந்தது. பூரணி முதல் நாளே பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்திருந்தார். வஜீதா போன வருஷம் ஏழு வயது எட்டு மாதம். இந்த வருஷம் அப்படியே விட்டால் வளரவில்லை என்று இடம் போகும். ஒரு கணு ஏற்றினால் எட்டு. தேறிவிட்டாள் என்று இடம் போகும். ஏழு வருஷம் பார்த்துப் பார்த்து ஏற்றிய ஏணி, கொண்டுபோய்க் கிணற்று விளிம்பில் நிறுத்தியிருந்தது. வஜீதாவுக்கு அப்போது பதினாறு வயது. தெருவில் விட்டால் லாரிக்கு மட்டும் பயப்பட வேண்டிய வயது இல்லை. நசீமுன்னிசா பசை தடவும் கையோடு முந்தின நாள் சாயந்திரம் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

"எட்டு வந்தா அனுப்பிடுவாங்களாமே டீச்சரம்மா. பதினாறு வயசுப் பொண்ணை நான் எந்தக் கயித்துல கட்டுவேன்?"

லோகநாதன் ஒரு வழி சொன்னார். "பாதிக் கணு ஏத்துங்கம்மா. ஏழு பத்து. அடுத்த வருஷம் ஒரே ஒரு மாசம், ஏழு பதினொண்ணு. அப்புறம் நாள் கணக்குல ஏத்திக்கினு போலாம். எட்டு வரவே வராது." சொல்லிவிட்டுத் துண்டை எடுத்தார்.

பூரணி கையை நீட்டவில்லை. "வேணாம் சார். அளந்துடலாம்."

"எதைம்மா?"

"வஜீதாவைத்தான். இது வரைக்கும் நம்ம யாரும் அளக்கலையே."

"நீங்க அளந்து, ரெண்டு வயசுன்னு வந்துட்டா?"

"வந்தா வந்ததுதான். இப்ப மட்டும் இடம் இருக்குதா?"

லோகநாதன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "அக்கா இன்னும் எங்கூடப் பேசறதில்ல" என்றார். யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

அருணகிரி மூன்று நாள் தங்கினார். பூரணி உருதில் கேட்பது, அவர் குறித்துக்கொள்வது என்று ஏற்பாடு. ஒன்பது வருஷத்தில் பூரணியின் உருது நன்றாகவே வளர்ந்திருந்தது; அதை அளந்திருந்தால் எட்டைத் தாண்டியிருக்கும். முதல் நாள் வஜீதா அருணகிரியின் பேனாவைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். இரண்டாம் நாள் அவர் கேட்டபோது திருப்பிக் கொடுத்தாள். அவர் தமிழில்தான் கேட்டார். பூரணி தன் தாளில் 'தமிழ் புரிகிறது' என்று குறித்துக்கொண்டார். மூன்றாம் நாள் சட்டைப் பொத்தான், சோப்பு, நான்கு கட்டையில் பெரியது, பசித்தால் என்ன செய்வாய் என்று வரிசையாகப் போனது. சிலது வந்தது, பலது வரவில்லை. அருணகிரி கூட்டினார், மறுபடி கூட்டினார்.

"நாலு வயசு மூணு மாசம்."

மூன்றரைக்கு மேலே, எட்டுக்குக் கீழே. சரியாக இடத்துக்குள்.

அருணகிரி பூரணியின் பழைய தாள்களை வாங்கி 1981ஆம் வருஷத்துக்கு வந்து, ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அன்னிக்கு நீங்க சொன்னபடி ஒருநாள் இருந்து உருதுல கேட்டிருந்தாலே மூணரைக்கு மேல வந்திருக்கும் போலம்மா."

ஏழு வருஷம் கை வலிக்கப் பேரம் பேசி அவர்கள் பாலம் கட்டியது, அங்கே இல்லாத ஒரு பள்ளத்தைத் தாண்டத்தான். பூரணி மரக்கட்டைகளைப் பெட்டியில் எடுத்து வைத்தார்.

லோகநாதனுக்குக் கவலை வேறு. "போன வருஷம் ஏழு எட்டு. இந்த வருஷம் நாலு மூணு. தோலா இருந்தா மார்க்கெட்டு விழுந்துடுச்சின்னு எழுதலாம். பொண்ணுக்கு இன்னா எழுதறது?"

"நடந்ததை எழுதுங்க" என்றார் பூரணி. அவரே தமிழில் எழுதியும் கொடுத்தார். இதுவரை அனுப்பிய வயதுகள் எல்லாம் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்துப் பேசி முடிவு செய்தவை. நானும் கையை விட்டிருக்கிறேன். இப்போதுதான் முறையாக அளந்திருக்கிறோம். தண்டனை என்றால் என்னை நீக்குங்கள், பெண்ணை நீக்க வேண்டாம்.

லோகநாதன் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க யோசித்தார். பொய் எழுதக் கூடாது என்று பூரணி சொல்லிவிட்டார். உண்மையை எழுதினால் பள்ளியே போய்விடும். வெளிநாட்டுக்குத் தோல் அனுப்பிப் பழகிய மனிதர். புழு தின்ற தோலை 'இயற்கைத் தடம் உள்ளது' என்று எழுதி அனுப்பி நல்ல பெயர் வாங்கியவர். ஆங்கிலத்தில் டைப் அடித்து அனுப்பிய கடிதத்தில், முந்தைய அளவுகள் இப்பகுதி மக்களின் பாரம்பரியமான விரல் முறைப்படி, இரு தரப்பின் ஒப்புதலோடு எடுக்கப்பட்டவை என்றும், இவ்வருஷம் முதல் நவீன முறைக்கு மாறியிருக்கிறோம் என்றும் இருந்தது. பூரணி படித்துப் பார்த்தார். பொய் என்று ஒரு சொல்லைக்கூடச் சுட்ட முடியவில்லை. கையெழுத்துப் போட்டார்.

பதில் வர ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதமும் நசீமுன்னிசா காலையில் பெண்ணை விடும்போது, "இன்னிக்கும் உண்டா டீச்சரம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் கம்பெனிக்குப் போனார். பூரணி தினமும் "இன்னிக்கு உண்டு" என்றார். நாளைக்கு என்று அவரால் சொல்ல முடியவில்லை.

பதில் வந்தது. நவீன முறைக்கு மாறியதற்கு ஸ்தாபனம் பாராட்டுத் தெரிவித்திருந்தது. நான்கு வயது மூன்று மாதத்தைத் தொடக்க அளவாக ஏற்றுக்கொண்டது. அளவுகோல் மாறியிருப்பதால் மூன்று வருஷத்துக்கு வளர்ச்சி கேட்கப்பட மாட்டாது, அதுவரை பெண்ணின் இடம் அப்படியே இருக்கும். டீச்சரை நீக்குவது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கடைசியில் ஒரு வேண்டுகோள். சமூகமே கூடி முடிவெடுக்கும் அந்தப் பாரம்பரிய விரல் முறை மிகவும் ஆர்வமூட்டுவதாக இருப்பதால், அதைப் பற்றி விரிவான குறிப்பும் புகைப்படமும் அனுப்ப முடியுமா?

லோகநாதன் போட்டோவுக்கென்று சலவைத் துண்டு ஒன்று புதிதாக வாங்கிவந்தார். அருணகிரி முதலில் முடியவே முடியாது என்றார். பிறகு முகம் விழாமல் எடுப்பதானால் சரி என்றார். பூரணி மறுத்துவிட்டார். அவர் இடத்துக்கு மண்டியிலிருந்து சம்பத்தைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். போட்டோ நன்றாக வந்ததாகக் கேள்வி.

அன்று சாயந்திரம் நசீமுன்னிசா வேலை முடிந்து வந்தபோது பூரணி வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னார்.

"போன வருஷம் ஏழரைன்னீங்க. இப்ப நாலுன்றீங்க. இந்தக் கணக்கே ஒரே பேஜாரு" என்றார் நசீமுன்னிசா. "வயசு எதுவோ இருக்கட்டும். ஸ்கூல் உண்டா, இல்லியா?"

"உண்டு. மூணு வருஷத்துக்கு யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"மூணு வருஷமா? எழுதிக் குடுத்துட்டாங்களா?"

"எழுதிக் குடுத்துட்டாங்க."

உள்ளே வஜீதா செருப்பின் வாரைக் கொக்கியில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை நழுவியது. நசீமுன்னிசா உதவி செய்யக் குனிந்தார். பூரணி கையைப் பிடித்து நிறுத்தினார். இருவரும் நின்று பார்த்தார்கள். வார் மாட்டியது. வஜீதா எழுந்து வந்து அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டாள்.

நசீமுன்னிசா படியிறங்கப் போனவர் திரும்பிப் பெண்ணை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார்.

"கம்பெனியில என்னை நெலையா வச்சிக்கக்கூடாதுன்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பேரை அடிச்சிட்டுப் புதுசா எழுதறான் டீச்சரம்மா. எங்க வீட்ல இப்ப இவதான் பர்மனென்ட்டு."